தங்கராஜ் மாஸ்டரின் சைனா உப்பு

ஏற்காடு பஜாரிலிருந்து ஏரிக்கு இறங்கும் சாலையில் இருந்த ஒரு லாட்ஜில் 1982ஆம் வருடம் தங்கராஜ் சமையல்காரராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பத்தோரு வயது. அதற்கு முன்னால் பத்து வருடம் ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவில் அடுப்பு பார்த்தவர். முதலாளி வருடத்தில் நான்கு முறை வருவார். மற்ற நாளெல்லாம் பங்களா பூட்டிக் கிடக்கும். சாப்பிட ஆள் இல்லாத அடுப்படியில் நிற்பது தங்கராஜுக்குப் பிடிக்கவில்லை. லாட்ஜில் ஆள் கேட்டார்கள் என்றதும் போய்விட்டார்.

கோடையில் மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் நூடுல்ஸ் உண்டா, பிரைடு ரைஸ் உண்டா என்று கேட்கத் தொடங்கிய காலம் அது. லாட்ஜ்காரர் கல்கத்தாவிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்தார். அந்த மனிதர் ஆறு மாதம் இருந்தார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போகும்போது தன் கைத்தொழில் முழுவதையும் தங்கராஜிடம் விட்டுவிட்டுத்தான் போனார். முட்டைக்கோஸை மயிரிழையாக நறுக்குவது, வாணலியைத் தீயோடு தூக்கிப் போட்டுப் பிடிப்பது, கோழி எலும்பைக் கொதிக்க வைத்து சூப்புக்குத் தண்ணீர் எடுப்பது. கூடவே ஒரு வெள்ளைப் பொடி. கற்கண்டை நுணுக்கியது போல் மினுமினுக்கும். சமையற்கட்டில் அதற்குச் சைனா உப்பு என்று பெயர்.

அந்தப் பொடியின் மேல் தங்கராஜுக்கு இருந்தது கிட்டத்தட்ட மரியாதை. தனியாக நாக்கில் வைத்தால் அது ஒன்றுமில்லை. சூப்பில் ஒரு சிட்டிகை விழுந்தால் போதும், அதுவரை வெறும் எலும்புத் தண்ணீராக இருந்தது நிறைந்து வாய் முழுக்க நிற்கும். இரண்டு வருடத்தில் சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சூப்புக்காகவே ஆட்கள் மலையேறி வந்தார்கள். தங்கராஜ் மாஸ்டர் என்று பெயர் நிலைத்தது.

மனைவி இன்பமேரி அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போவாள். பறிப்பு முடிந்தால் காப்பிக் களத்தில் வெயிலில் நின்று கொட்டையைக் கிளறிவிடுவாள். மகள் செல்வமேரி 1979இல் பிறந்தாள். அதற்கடுத்த வருடம் ஒரு கரு கலைந்தது. மறுவருடம் இன்னொன்று, ஐந்தாம் மாதத்தில். அதற்குப் பிறகு இன்பமேரிக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தெலும்பு தெரிய இளைத்துப்போனாள்.

லாட்ஜில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு ஓய்ந்துவிடும். மறுபடி ஆறு மணிக்குத்தான் அடுப்பு. இடையில் தங்கராஜ் ஒரு தூக்குப்போசியில் சூப்பை ஊற்றிக்கொண்டு எஸ்டேட் லைன் வீட்டுக்கு நடந்து போவார். இன்பமேரி முதல் நாள் இரண்டு வாய் குடித்தாள். நான்காம் நாள் போசியைச் சாய்த்துக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கொண்டாந்திருக்கலாமுங்க" என்றாள். தங்கராஜ் அன்றைக்கு லாட்ஜுக்குத் திரும்பும் வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார். அதன்பின் ஐந்து வருடம், லீவு நாள் தவிர, சூப் போகாத நாள் இல்லை.

1986 மார்ச்சில் இன்பமேரியின் விரல்கள் வீங்கின. காலையில் எழுந்தால் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது. பத்து மணிக்கு மேல்தான் கை மடங்கும். அப்புறம் காய்ச்சல். அப்புறம் இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் சேர்ந்தாற்போல் சிவப்பாக ஒரு படை. களத்து வெயிலில் நின்ற நாட்களில் அது எரிந்தது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. ஏற்காட்டில் ஊசி போட்டார்கள், களிம்பு கொடுத்தார்கள். ஐந்து மாதம் இப்படிப் போன பிறகு சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா கன்னத்துப் படையைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தம் எடுத்து எங்கோ அனுப்பி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்.

"லூபஸ்னு பேருங்க. வெளியில இருந்து வர்ற கிருமியைத் தடுக்கறதுக்கு உடம்புல ஒரு சக்தி இருக்கில்ல, அது ஆள் தெரியாம இவங்க உடம்பையே தாக்குது. மூட்டு, தோலு, சில பேருக்குக் கிட்னி."

"எதனாலங்கம்மா வருது?" என்று தங்கராஜ் கேட்டார்.

"தெரியல. எங்களுக்கே தெரியல. முழுசாத் தீராது, ஆனா கட்டுக்குள்ள வச்சிருக்கலாம். வெயில்ல நிக்கக் கூடாது. இந்த மாத்திரையை நீங்களா ஒருநாளும் நிறுத்தக் கூடாது. அது ஒண்ணை ஞாபகம் வச்சுக்குங்க."

மாத்திரை வேலை செய்தது. ஒரே மாதத்தில் இன்பமேரி தன் கையால் மகளுக்குச் சடை பின்னினாள். ஆனால் முகம் உப்பத் தொடங்கியது. கன்னம் இரண்டும் ஊதி, கண் சிறுத்து, கோயிலில் பூசைக்குப் போனால் தெரிந்தவர்களே ஒரு கணம் தயங்கிவிட்டு, "இன்பமேரியா?" என்று கேட்டார்கள். வீட்டிலிருந்த கண்ணாடியை அவள் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

இன்பமேரியின் அண்ணன் ஏசுராஜ் மாரமங்கலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். அவருக்குப் பிள்ளையில்லை. கையில் கிடைக்கிற பத்திரிகையெல்லாம் படிப்பார். படித்ததை அப்படியே நம்புவார். 1988இல் தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், ஒரு வாரப் பத்திரிகையின் கிழித்த தாளோடு பஸ் ஏறி வந்தார்.

"மாப்ள, நீங்க சூப்புல ஒரு பொடி போடுவீங்களே, அதும் பேரு என்னங்க?"

"சைனா உப்புங்க மச்சான். டப்பால என்னமோ குளூட்டமேட்டுனு போட்டிருக்கும்."

ஏசுராஜ் தாளை நீட்டினார். ஓட்டல் சாப்பாட்டில் சேர்க்கும் ஓர் உப்பைப் பற்றிய கட்டுரை. அதைத் தின்றால் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, நரம்புத் தளர்ச்சி, வாதம், ரத்தம் கெடுவது எல்லாம் வரும் என்று எழுதியிருந்தது. யார் கண்டுபிடித்தார், எப்படிக் கண்டுபிடித்தார் என்று ஒரு வரியும் இல்லை. தங்கராஜ் அதை இரண்டு முறை வாசித்தார். வாதம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"அஞ்சு வருசமா தெனமும் ஊத்தியிருக்கறீங்க மாப்ள" என்றார் ஏசுராஜ். கோபமாகச் சொல்லவில்லை.

"அண்ணா, அவிய என்ன தெரிஞ்சா செஞ்சாங்க?" என்று இன்பமேரி உள்ளேயிருந்து சொன்னாள்.

அன்றைக்குத் தங்கராஜின் மனதில் நடந்ததை அவர் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார். மார்பில் கல்லைத் தூக்கி வைத்தது போல இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கல்லுக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. டாக்டரம்மா காரணம் தெரியாது, தீராது என்று சொன்னார். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. தன் கையால் வந்த வினை என்றால் தன் கையாலேயே நிறுத்திவிடலாம். குற்றவாளியாக இருப்பது, ஒன்றும் செய்ய முடியாதவனாக இருப்பதைவிட அவருக்கு எளிதாக இருந்தது.

மறுநாளே லாட்ஜில் டப்பாவை எடுத்துக் குப்பையில் கொட்டினார். சூப் சப்பென்று இருக்கிறது என்று விருந்தாளிகள் திருப்பி அனுப்பினார்கள். லாட்ஜ்காரர் இரண்டு வாரம் பொறுத்தார். "மாஸ்டர், உங்க ஊட்டுல நீங்க போடாதீங்க. இங்க போட்டாகோணும்" என்றார். தங்கராஜ் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஒரு பள்ளிக்கூட விடுதியில் சோறும் சாம்பாரும் ஆக்கும் வேலை கிடைத்தது.

வீட்டில் பாக்கெட் மசாலா நின்றது. பிஸ்கட் நின்றது. கடையில் வாங்கிய எதையும் இன்பமேரி வாயில் வைக்கவில்லை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவள் உடம்பு நன்றாக இருந்தது. படை மங்கியது, காய்ச்சல் இல்லை. மாத்திரையும் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. மலை முழுக்க மேகம் கவிந்து வெயிலே எட்டிப் பார்க்காத மாதங்கள் அவை. அதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. பொடி நின்றது, நோய் இறங்கியது. மூன்று பேருக்கும் அது பகல்போலத் தெரிந்தது.

ஆகஸ்டில் ஏசுராஜ் அவர்களை ஆத்தூர்ப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனார். வைத்தியர் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார். பொடியின் விஷம் பாதி இறங்கிவிட்டது, மீதி விஷத்தை இங்கிலீஷ் மாத்திரைதான் வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்றார். பூசணிச் சாறும் பச்சைக் காய்கறியும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த சாயங்காலம் இன்பமேரி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இந்த மூஞ்சி வேண்டாமுங்க" என்றாள். "நொம்ப நாளாச் சொல்லோணும்னு இருந்தேன். எம் புள்ளைக்கே என்னையத் தெரியாமப் போயிருமாட்ட இருக்குது."

"நிறுத்திப்போடலாம் மாப்ள. பொடிய நிறுத்துனதும் எப்புடி ஆச்சு, பாத்தீங்கல்ல?" என்றார் ஏசுராஜ்.

இரண்டு பேரும் தங்கராஜின் முகத்தைப் பார்த்தார்கள். டாக்டரம்மா சொன்னது அவருக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால், பொடி மட்டும் காரணம் இல்லை என்று தான் தப்பிக்கப் பார்ப்பதுபோல் ஆகும் என்று தோன்றியது. விஷம் ஊற்றியவன் வைத்தியம் பேசலாமா?

"சரிங்க மச்சான்" என்றார்.

முதல் மாதம் முகத்து வீக்கம் வடிந்தது. இன்பமேரி கண்ணாடியைத் திருப்பி வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். ஒன்பது வயது செல்வமேரி அம்மாவின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நவம்பரில் கால் வீங்கியது. டிசம்பரில் வயிறு. மூத்திரம் சோப்புத் தண்ணீர்போல் நுரைத்தது. வைத்தியருக்கு ஆள் அனுப்பினார்கள். விஷம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று பதில் வந்தது. ஏசுராஜ் அதை நம்பினார். தங்கராஜ் நம்ப முயன்றார். ஜனவரி கடைசியில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் இரவு பகலாக உட்கார்ந்தே இருந்தபோது எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வாங்கி மலை இறக்கினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் இன்பமேரி தங்கராஜின் கையைப் பிடித்திருந்தாள். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதினோரு நாள் இருந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஏசுராஜ் செல்வமேரியின் துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தார்.

"புள்ளை என்ற ஊட்டுல வளரட்டுமுங்க. உங்க கையால ஆக்கிப் போட்டது போதுமுங்க மாப்ள."

தங்கராஜ் தடுக்கவில்லை. அவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

அதன்பின் ஒன்றரை வருடம் அவர் ஏற்காட்டில் ஒரு லாட்ஜையும் விடவில்லை. விடுதிச் சமையல் முடிந்ததும் பின்வாசல் வழியாக ஒவ்வொரு சமையற்கட்டுக்கும் போவார். "இந்தப் பொடியப் போடாதீங்க சாமி. என்ற சம்சாரம் இதுலதான் போச்சுங்க" என்பார். அவரிடம் தொழில் கற்ற பையன்கள் டப்பாவை மறைத்து வைத்துக்கொண்டு, சரிங்க மாஸ்டர் என்பார்கள். அவர் படியிறங்கும் முன்பே டப்பா வெளியே வரும். நாளாக ஆக உப்பு தங்கராஜ் என்று ஒரு பட்டப்பெயர் ஏற்பட்டது. ஒரு முதலாளி மட்டும் அவரை உட்கார வைத்துப் பேசினார். "டாக்டர் யாராச்சும் எழுதிக் குடுத்திருக்காங்களாங்க? காயிதம் இருந்தாக் கொண்டாங்க, நான் நிறுத்தறேன்."

தங்கராஜுக்கு அது சரியாகப் பட்டது. 1990 அக்டோபரில் சேலம் போய் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மாவுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார்.

"அந்தப் பொடியாலதான் என்ற சம்சாரத்துக்கு இந்தச் சீக்கு வந்துச்சுன்னு ஒரு காயிதம் வேணுமுங்கம்மா. நாலு பேருக்குக் காட்டோணும்."

டாக்டரம்மா அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். பத்திரிகைத் தாளையும் வாங்கிப் படித்தார்.

"அப்படி எழுதிக் குடுக்க முடியாதுங்க. அந்த உப்பைச் சாப்பிட்டா சில பேருக்குத் தலை வலிக்குது, முகம் எரியுதுன்னு சொல்றாங்க. அதுவும் கொஞ்ச நேரத்துல போயிரும். லூபஸ் அதனால வந்துச்சுன்னு இதுவரைக்கும் யாரும் காட்டலை. தக்காளிப் பழத்துல இருக்கிறதும் அதே சத்துதான். நாளைக்கு யாராச்சும் வேற ஏதாவது கண்டுபிடிக்கலாம், எனக்குத் தெரியாது. இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

டாக்டரம்மா பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு கரு கலைஞ்சதுன்னு எழுதியிருக்கேன். அது எந்த வருஷம்?"

"எம்பத்தொண்ணுல ரெண்டாவதுங்க."

"நீங்க சூப் குடுக்க ஆரம்பிச்சது?"

"எம்பத்திரெண்டு கடைசிங்க."

"இந்த நோய் இருந்தா அப்படிக் கலையறது உண்டு. அப்பவே உள்ளுக்குள்ள இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா உங்க சூப்பு வர்றதுக்கு முந்தியே இருந்திருக்கலாம்." பிறகு சீட்டை மூடாமலேயே கேட்டார். "மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?"

தங்கராஜ் மேஜையிலிருந்த பத்திரிகைத் தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அதை நிறுத்தாம இருந்திருந்தா?" என்று கடைசியில் அவரே கேட்டார்.

டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "இருந்திருப்பாங்க. எத்தனை வருஷம்னு தெரியாது. ஆனா இருந்திருப்பாங்க."

மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர் ஏற்காடு வந்தும் இறங்கவில்லை. கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார். பொடி என்றால் தெரியாமல் செய்தது. மாத்திரை அப்படியில்லை. அது தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தது. அன்றோடு அவர் லாட்ஜ் வாசல்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். உப்பு தங்கராஜுக்குத் தெளிந்துவிட்டது என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரமங்கலத்துக்குப் போனார். எல்லாவற்றையும் மச்சானிடம் சொல்லிவிட வேண்டும், பிள்ளையைத் திரும்பக் கேட்க வேண்டும் என்றுதான் போனார். செல்வமேரி மிளகுக் கொடிக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்து எழுந்து நின்றாள், கிட்டே வரவில்லை. ஏசுராஜ் உள்ளே கூட்டிப் போய்க் காப்பி கொடுத்தார். இரண்டு வருடத்தில் அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"உங்க மேல எனக்குக் கோவம் இருக்குதுங்க மாப்ள, பொய் சொல்ல மாட்டேன்" என்றார் ஏசுராஜ். "ஆனா ஒண்ணு. கடைசி ஆறு மாசம் அவளைக் காப்பாத்தறதுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செஞ்சு பாத்துட்டேன். அந்த ஒரு நெனப்புலதான் நான் எந்திரிச்சு நடமாடறேன்."

தங்கராஜ் வாய்வரை கொண்டுபோன டம்ளரை நிறுத்தினார். தங்கையைத் தூக்கி வளர்த்த மனுஷன். மாத்திரையை நிறுத்தியதால்தான் போனாள் என்று கேட்டால் அன்றைக்கே விழுந்துவிடுவார். பிள்ளையை நல்லபடி பார்த்துக்கொள்கிறவரும் அவர்தான்.

"ஆமாங்க மச்சான். நீங்க செய்யாதது என்ன இருக்குது" என்றார். காப்பியைக் குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினார்.

செல்வமேரி மாமா வீட்டில் வளர்ந்தாள். அம்மாவைக் கொன்றது அப்பா போட்ட பொடி என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; யாரும் அதைச் சண்டையாகப் பேசவில்லை, மழை பெய்தது என்பதுபோல் பேசினார்கள். வருடத்தில் ஒருநாள், கல்லறைத் திருநாளன்று, அப்பாவும் மகளும் ஒரே கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நன்றாகப் படிக்கிறாயா என்று அவர் கேட்பார். படிக்கிறேன் என்பாள். அவ்வளவுதான் பேச்சு. பதினெட்டு வயதில் நர்ஸ் படிப்புக்காக மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போனாள்.

1998 செப்டம்பரில், லீவும் இல்லாத ஒரு நாளில், அவள் விடுதிச் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். தங்கராஜ் இருநூறு பிள்ளைகளுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். நாற்பத்தேழு வயதில் அவர் முதுகு வளைந்துவிட்டிருந்தது.

"அப்பா, எங்க வார்டுல அம்மா மாதிரியே ஒரு அக்கா இருக்காங்க" என்றாள் செல்வமேரி. "அதே மூஞ்சி. சீக்கு வந்து பன்னெண்டு வருசமாச்சாம். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. எங்க மேடத்துகிட்டப் பொடியப் பத்திக் கேட்டேன். அதுக்கு ஆதாரமே இல்லீங்கறாங்க."

தங்கராஜ் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா மாத்திரைய நிறுத்துனாங்களா?"

"நிறுத்துனா கண்ணு."

"ஏனுங்கப்பா? நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் நிறுத்தச் சொன்னது யாரு?"

பதிலுக்காக நிற்கும் அவள் முகத்தை அவர் பார்த்தார். சின்ன வயதில் மூடிக்கொண்ட ஏதோ ஒன்று அந்த முகத்தில் திறக்கத் தயாராக இருந்தது. மாமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் படிப்புக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்ட மாமா, இப்போது சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழுத்து நடக்கிற மாமா.

"நாந்தான் கண்ணு" என்றார் தங்கராஜ்.

பொடிக்காக அப்பாவை மன்னித்துவிட்டதாகச் சொல்லத்தான் செல்வமேரி அவ்வளவு தூரம் வந்திருந்தாள். இப்போது மன்னிப்பதற்கு அதைவிடப் பெரிதாக ஒன்று கையில் வந்துவிட்டது. அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விடுதி வாசல் வழியாகப் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். தங்கராஜ் பின்னால் இரண்டடி போனார். அடுப்பில் உலை கொதித்து வழியும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து களைந்த அரிசியை அள்ளிப் போட்டார்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு அவள் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மாரமங்கலம் வந்துவிட்டுப் போனாள் என்பதை பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தங்கராஜ் தெரிந்துகொண்டார்.